பெரியப்பா தாரை வார்க்க வேண்டிய கல்யாணம்

சுபாங் ஜெயாவில் நீங்கள் நடத்துகிற மனநலச் சிகிச்சை அறைகளைப் போன மாதம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினீர்கள். நன்றாகத்தான் இருந்தது. சுவரில் மங்கலான பச்சை, மூலையில் வாசனைப் புகை விடுகிற சின்ன இயந்திரம், சாய்ந்தால் எழுந்திருக்க மனம் வராத நாற்காலி. எழுந்திருக்க என் முட்டியும் சம்மதிக்கவில்லை; இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிட்டீர்கள். அப்போது உங்களில் ஒரு தங்கை, "ஆன்டி, உங்க காலத்துல செட்டப் எல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். பதிலை இப்போது எழுதுகிறேன். செட்டப்பைப் பற்றிக் கொஞ்சம்தான் இருக்கும்.

என் அறை பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு பூக்கடைக்கு மேலே இருந்தது. மரப்படி ஏறினால் இடப்பக்கம் ரவிக்கை தைக்கிற அக்காவின் கடை, வலப்பக்கம் நான். நடுவில் இருந்தது சுவர் இல்லை, பலகைத் தடுப்பு. என் பக்கம் ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் அக்கா, "கைய நல்லா தூக்குங்க, அளவு தப்பாப் போயிரும்" என்று அதட்டுவது தெளிவாகக் கேட்கும். என் பக்கத்துப் பேச்சு அங்கே கேட்கக் கூடாதே என்று காற்றாடியை முழு வேகத்தில் சுழல விட்டிருப்பேன். ரயில் போனால் நாங்கள் பேச்சை நிறுத்தவேண்டும். நீங்கள் இப்போது பயிற்சிப் பட்டறையில் காசு கட்டிக் கற்றுக்கொள்கிற மௌனத்தை எனக்கு ரயில்வே இலவசமாகக் கொடுத்தது.

அந்தக் காலத்தில் எங்களிடம் வருவதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். கீழே தெரிந்தவர் யாராவது கண்ணில் பட்டால் "பிளவுஸ் தைக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு ஏறுவார்கள். ஆண்கள் பாடுதான் திண்டாட்டம். மனைவியின் துணியை வாங்கிப்போக வந்தேன் என்பார்கள், கல்யாணமே ஆகாதவர்கள்கூட. தையல்கார அக்கா யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை. மல்லிகைப் பூவும் மழை நனைத்த சாக்கடையும் சேர்ந்து ஒரு வாசனை வருமே, அது இன்றைக்கும் எங்காவது அடித்தால் எனக்கு வேலைக்குப் போகவேண்டும் போல இருக்கும். ஓய்வு பெற்றவளுக்கு இது ஒரு வியாதி. அந்த அறை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அங்கே வந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். புவனா என்று வைத்துக்கொள்வோம். அவளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகே எழுதுகிறேன். பெயரையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கப்பல் சரக்கு அனுப்புகிற ஓர் அலுவலகத்தில் வேலை. முதல் நாள் வந்து கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்தவள், கைப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. "தூக்கம் வரல ஆன்டி. வேற ஒன்னும் இல்ல" என்றாள்.

வேறு நிறைய இருந்தது. அவள் கட்டிக்கொள்ளப்போகிற பையன் நல்லவன், அவளுக்கும் பிடித்தவன். ஆனால் அவன் கையைப் பிடித்தால் முழங்கைக்குக் கீழே மரத்துப் போய்விடும். குளியலறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, தாழிட்டோமா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பாள். நான் எதையும் தோண்டவில்லை. சிறு வயதில் காயம்பட்டவர்களிடம் கதையைக் கேட்க அவசரப்படாதீர்கள் என்று உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை எழுத்துக்கு எழுத்து நம்புங்கள். நாங்கள் பல மாதம் மூச்சைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் அவளுடைய மேலாளரைத் திட்டியும் பேசிக்கொண்டிருந்தோம். ஒருநாள் மழை கொட்டும்போது, தரையைப் பார்த்துக்கொண்டே அவளாகச் சொன்னாள்.

லோரி விபத்தில் அப்பா போனபோது அவள் சின்னப் பிள்ளை. அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பள்ளி விடுமுறை விட்டால் பிள்ளையை யார் பார்ப்பது? அப்பாவின் அண்ணன் வீடு இருந்தது. அவர் ஊரில் பெரிய மனிதர், கோயில் கமிட்டியில் இருந்தவர், தம்பி குடும்பத்துக்குச் சீருடை முதல் தீபாவளித் துணி வரை எடுத்துக் கொடுத்தவர். எட்டு வயதிலிருந்து அவள் பெரியவளாகும் வரை, அந்த வீட்டில் ஒவ்வொரு விடுமுறையிலும் அவர் அவளிடம் நடந்துகொண்ட விதத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும்.

நடந்ததைவிட ஒரு கேள்விதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. "எனக்கு மட்டும் ஏன் ஆன்டி? அதே வீட்டுல அவரு சொந்த மக, எங்க அக்காவும்தான் இருந்தாங்க. அவங்க எப்பவும் சிரிச்சிக்கிட்டு, படிச்சிக்கிட்டு இருப்பாங்க. அப்போ எங்கிட்டதானே ஏதோ தப்பு இருந்திருக்கு?"

உன்மேல் தப்பில்லை என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். தலையை ஆட்டுவாள். அடுத்த வாரம் அதே கேள்வியோடு வருவாள். நான் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வியையும் கேட்டேன்: அந்த வீட்டில் இப்போது சின்னப் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா? இல்லை என்றாள். அக்கா கல்யாணமாகி ஆஸ்திரேலியா போய்விட்டாள், அங்கே ஒரு பெண் குழந்தை, ஊருக்கு வருவதே அபூர்வம். போலீஸில் புகார் கொடுக்கலாம் என்பதையும் சொன்னேன். "அம்மா தாங்கமாட்டாங்க" என்று அந்தப் பேச்சை மூடினாள். அது அவளுடைய முடிவு, நான் வற்புறுத்தவில்லை.

அப்புறம் கல்யாணத் தேதி குறித்தார்கள். கிள்ளானில் மண்டபம் பேசி, அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது. அப்பா இல்லாத பெண்ணை யார் தாரை வார்த்துக் கொடுப்பது? யோசிக்கவே வேண்டாம், பெரியப்பாதான். அவர் அவள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்கவேண்டும். அதற்கு முதல் நாள் நலங்கு. பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசுவார்கள், முதலில் பூசுபவர் அவராகத்தான் இருப்பார். பிறகு காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கவேண்டும். இதையெல்லாம் சொல்லும்போதே அவளுக்கு மூச்சு திணறியது. "நான் செத்துருவேன் ஆன்டி" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன், நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம். சிகிச்சை கொடுப்பவள் என்பதை மறந்து கல்யாண வீட்டு அத்தை ஆகிவிட்டேன். நலங்கைப் பெண்களுக்கு மட்டும் என்று வைத்துவிடலாமா? தாரை வார்க்க அம்மாவின் தம்பியைக் கூப்பிட்டால் என்ன, தாய்மாமனுக்கு இல்லாத உரிமையா? மாப்பிள்ளை வீட்டு வழக்கம் என்று சொல்லிவிடலாமே. இரண்டு வாரம் இப்படித் திட்டம் போட்டோம். மேசையில் கிடந்த காகிதத்தில் மணவறையைப் படம் வரைந்து, யார் எங்கே நிற்பது என்றுகூடப் பார்த்தோம். அவளுக்கும் தெம்பு வந்தது, எனக்கும் ஏதோ சாதித்த மாதிரி இருந்தது. ஒரு மேல்நாட்டுச் சிகிச்சையாளருக்கு இப்படி ஓர் அபத்தம் தோன்றியே இருக்காது. நமக்குச் சடங்கு அத்துப்படி என்பதால் சடங்கைத் திருத்திவிட்டால் போதும் என்று நினைத்துவிடுகிறோம்.

அம்மாவிடம் அந்தத் திட்டம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. "பெரியப்பா இல்லாம கல்யாணமா? அவரு இல்லன்னா நாம இன்னிக்கு எங்க இருப்போம்? நன்றி கெட்டவளா நீ?" என்று கத்திவிட்டார். மூன்று நாள் மகளோடு பேசவில்லை.

அதைச் சொல்ல வந்த அன்றுதான், புவனா போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். "ஆனா ஒரு நல்ல விஷயம் ஆன்டி. அக்கா வராங்க. பாப்பாவையும் கூட்டிட்டு வராங்க, ஆறு வயசு. அம்மா சொன்னாங்க, எல்லாரும் பெரியப்பா வீட்டுலதான் தங்குவாங்களாம், ரெண்டு வாரம். பாப்பாதான் எனக்கு முன்னாடி பூ தூவிக்கிட்டு வரப்போறா."

சொல்லி முடித்ததும் அவளுக்கே உறைத்தது. முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பயந்துபோனேன், அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. என் எதிரே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். மாதக்கணக்கில் அவள் நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்திருக்கிறேன். இன்னொருத்தி இங்கே இல்லை, அவளுக்கு ஆறு வயது. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று என் மனம் எனக்கே வக்காலத்து வாங்க ஆரம்பித்தது.

"புவனா, நீ சொன்னது எதையும் நான் வெளிய சொன்னதில்ல. ஆனா இத மட்டும் நான் வச்சிருக்க முடியாதும்மா" என்றேன். "அந்தப் பிள்ளையப் பாத்துக்கிற பெரியவங்க யாருக்காவது தெரியணும். யாரு சொல்றது, எப்படிச் சொல்றது, யார்கிட்ட சொல்றது, எல்லாம் உன் இஷ்டம். நீ சொன்னா நான் கூட இருக்கேன். உன்னால முடியலன்னா நான் சொல்றேன். சொல்லாம இருக்கறது மட்டும் நம்ம கையில இல்ல."

அவள் எழுந்துவிட்டாள். "அப்போ என் கல்யாணம்? எங்கம்மா? நீங்க வெளிய சொல்ல மாட்டீங்கன்னு நம்பித்தானே சொன்னேன். நீங்களும் மத்தவங்கள மாதிரிதான். எல்லாரும் அவங்கவங்க நல்லவங்களா இருக்கத்தான் பாக்கறீங்க."

கதவு வரை போனவள் திரும்பி, "எனக்கு எட்டு வயசுல இப்படிச் சொல்ல ஒரு ஆளு இருந்தாங்களா ஆன்டி? ஒருத்தராச்சும்?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன். "அதனாலதாம்மா."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

என் மூத்த தோழி ஒருவருக்குப் போன் செய்தேன். ஒரு பெரிய மருத்துவமனையில் குழந்தைகளோடு வேலை செய்தவர், மலாய்க்காரர். நான் அவரைக் 'கக்' என்பேன்; அவர்கள் மொழியில் அக்கா. சிக்கலான வழக்கு என்றால் அவரிடம்தான் யோசனை கேட்பேன். 'அவசரப்படாதே, பொறுத்துப் பார்' என்று அவர் சொல்லமாட்டாரா என்ற ஆசையில்தான் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மலாயில் ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தப் பிள்ளை என்றைக்கு வந்து இறங்குகிறது?" சொன்னேன். "அதற்கு முன்னால் உனக்கு வேறு முக்கியமான வேலை ஏதாவது இருக்கிறதா?" என்றார். என்னை இவ்வளவு மரியாதையாக வேறு யாரும் திட்டியதில்லை.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், படியில் இரண்டு பேர் ஏறிவருகிற சத்தம் கேட்டது. புவனாவும் அவள் அம்மாவும். அம்மா ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார், தொழிற்சாலைச் சட்டைகூட மாற்றவில்லை. ஒல்லியான பெண்மணி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், இவ நேத்து ராத்திரி எங்கிட்ட ஒன்னு சொன்னா. அது நெசமா? நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா நான் நம்புறேன்."

இந்தக் கேள்வி உங்களுக்கும் ஒருநாள் வரும். வரும்போது நாக்கு நுனியில் 'ஆமாம்' தயாராக நிற்கும். புவனாவும் நான் அதைச் சொல்லவேண்டும் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் நான் சொன்னால் அந்தத் தாய் நம்பப்போவது என்னைத்தான், மகளை இல்லை. அந்தப் பெண் இருபது வருடமாகக் காத்திருந்தது அம்மா ஒரு மேடத்தை நம்புவதற்காக அல்ல.

"நான் அந்த வீட்டுல இல்லம்மா. இவதான் இருந்தா. எங்கிட்டக் கேட்டத அவ மூஞ்சியப் பாத்துக் கேளுங்க" என்றேன்.

அவர் திரும்பினார். கேட்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார். ஒரு ரயில் வந்து, போய், சத்தமும் அடங்கியது.

"பள்ளிக்கூடம் லீவு விடற அன்னிக்கெல்லாம் வயித்த வலிக்குதுன்னு அழுவ" என்றார். "நடிக்கிறன்னு அடிச்சில்ல அனுப்பி வைப்பேன். அதுக்குத்தானா?"

புவனா தலையை ஆட்டினாள். அம்மா தன் நெற்றியில் மடேர் மடேரென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். புவனா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்தது, தொட்டால் மரத்துப் போகிற அவளுடைய கை. பிடித்த பிடியை விடவில்லை. நான் எத்தனையோ பேர் அழுது பார்த்தவள்தான், அன்றைக்கு என்னால் என் கண்ணைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மொதல்ல அந்தப் பச்சப் பிள்ள. அக்காவுக்குப் போன் போடு" என்றார்.

போனை மேசையில் வைத்து, மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி போட்டோம். மறுமுனையில் அக்கா உற்சாகமாக எடுத்தாள். "சித்தி! பொடவ எல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சும்மா. வந்து… ஒன்னு சொல்லணும். நீ வரும்போது பாப்பாவ அங்க தங்க வைக்காத. ஒங்கப்பா வீட்டுல. ஏன்னு மட்டும் கேக்காதம்மா."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் போனை எட்டிப் பார்த்தேன்.

"நான் ஹோட்டல் எடுத்துட்டேன் சித்தி. அப்பாகிட்ட இன்னும் சொல்லல." உற்சாகமெல்லாம் போய், யாரோ வேறு ஆள் பேசுகிற மாதிரி இருந்தது குரல். "பொறந்ததிலேருந்து பாப்பாவ ஒருநாள்கூட அந்த வீட்டுல விட்டதில்ல." பிறகு, மெதுவாக, "புவனாவுக்குமா சித்தி?"

புவனா போனை எடுத்துக்கொண்டாள். "அக்கா" என்றாள். அவ்வளவுதான் வந்தது. இரண்டு பக்கமும் அழுகை மட்டும் கேட்டது. நான் எழுந்து வெளியே போய் மாடிப்படியில் நின்றுகொண்டேன். தையல்கார அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்னா மேடம், உள்ளுக்கு ஒரே அழுகச் சத்தம்?"

"கல்யாண வீடு லா அக்கா. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது என்று கேட்பீர்கள். யோசித்துப் பாருங்கள். அந்தக் குழந்தையை அதைப் பெற்றவள் ஏற்கெனவே காப்பாற்றியிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலும் குழந்தை ஹோட்டலில் பத்திரமாக இருந்திருக்கும், ஒருவேளை கல்யாணமும் ஒரு குறையில்லாமல் நடந்திருக்கும். ஆனால் ஒரே வீட்டில், ஒரே காலத்தில், ஒரே ஆளிடம் மாட்டிக்கொண்ட இரண்டு பெண்கள் மணவறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, எனக்கு மட்டும்தான், எனக்கு மட்டும்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஆளுக்கொரு ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். நான் அத்தனை மாதமாக, படித்த படிப்பையெல்லாம் போட்டும் அசைக்க முடியாத அந்தக் கேள்வியை, அக்காவின் ஒரு வார்த்தை தூக்கிப் போட்டது. அதன் பிறகு புவனா அதைக் கேட்கவே இல்லை. எனக்கு அதில் சந்தோஷத்தோடு கொஞ்சம் பொறாமையும் உண்டு.

கஷ்டம் அதோடு தீரவில்லை. அக்காவும் தங்கையும் பிற்பாடு சேர்ந்து போலீஸுக்குப் போனார்கள்; அது நீண்ட கதை, அவர்களே சொல்லவேண்டியது. கல்யாணத்துக்கு என்னை அழைத்தார்கள். நான் போகவில்லை. இந்த வேலையில் நாம் போகக்கூடாத விசேஷங்கள்தான் அதிகம். அன்றைக்கு ஒரு நல்ல புடவையை எடுத்து வைத்து, திரும்ப மடித்தும் வைத்தேன்.

கல்யாணம் முடிந்து, மஞ்சள் கயிற்றோடும் லட்டுப் பெட்டியோடும் புவனா வந்தாள். கதவோரத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தாள், அது பழகிவிட்டது. ஆனால் கைப்பையைத் தரையில் வைத்தாள்.

"பெரியப்பா?" என்று கேட்டேன்.

"அம்மாவே அவரு வீட்டுக்குப் போயி, நீங்க வர வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டாங்க. ஒத்த ஆளாப் போனாங்க ஆன்டி. சொந்தக்காரங்க பாதிப் பேரு வரல."

"தாரை வார்த்தது யாரு? தாய்மாமனா?"

"அம்மா" என்றாள். "மணவறையில ஏறக் கூடாதுன்னு அத்தைங்கல்லாம் மொணமொணத்தாங்க. தாலி அறுத்தவ, ஆகாதுன்னு. அக்கா அம்மாவக் கையப் புடிச்சு மேல ஏத்திட்டு, பக்கத்துலயே நின்னுக்கிட்டாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல."

லட்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள்.

"தண்ணி ஊத்தி, என் கைய அவரு கையில வைக்கணும்ல? அம்மா எங்கைய இறுக்கிப் புடிச்சிக்கிட்டாங்க ஆன்டி. ஐயரு ரெண்டு தரம் சொன்ன பொறவுதான் விட்டாங்க."